ஓநாய்களை எண்ணியவர் யார்?

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆண்டுதோறும் நம் பள்ளிச் சிற்றாலயத்தின் முன்னே குடில் கட்டுகிறோம். அதில் ஆடு உண்டு, மாடு உண்டு, கழுதை உண்டு, மூன்று அரசர்களின் ஒட்டகங்களும் உண்டு. ஓநாய் மட்டும் இல்லை. ஆனால் அந்த இடையர்கள் குளிரிலே கண்விழித்துக் கிடை காத்தது எதற்கு அஞ்சி? ஓநாய்க்கு அஞ்சித்தானே! கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு, குடிலில்தான் இடமில்லை.

இவ்வாண்டு எங்கள் வகுப்பின் தமிழ் இலக்கிய மன்றத்தில், 'மனிதரைத் தாக்கும் விலங்கைக் கொல்வதே முறை' என்னும் தலைப்பில் விவாதம் ஒன்று நடத்தினோம். இரு தரப்பினரும் தொண்டை வறளப் பேசி முடித்ததும், கையை உயர்த்தி முடிவு காணலாம் என்றார்கள். வகுப்பில் அன்று இருந்தவர்கள் 44 பேர். கைகளை எண்ணிய தோழி அறிவித்த கணக்கோ ஆதரவு 25, எதிர்ப்பு 22. கூட்டிப் பாருங்கள்! யாரோ இருமுறை கை தூக்கினார்களா, எண்ணியவள் ஆதரவுக் கட்சிக்காரி என்பதாலா என்றெல்லாம் ஒரே கூச்சல். சிஸ்டர் இரு தரப்பிலிருந்தும் ஒருத்தியை அழைத்து, இருவரையும் சேர்ந்து, வாய்விட்டு எண்ணச் சொன்னார். 23, 21 என்று வந்தது. முன்பு கூச்சலிட்ட எதிர்ப்புக் கட்சியினர் இப்போதும் தோற்றுத்தான் போனார்கள். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று முழுவதும் நாங்கள் பேசியது கொல்வதா, விடுவதா என்பதைப் பற்றி. அதற்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பது மன்றம் கலைந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. எந்த விலங்கு தாக்கியது? எத்தனை விலங்குகள்? அதைச் சொல்பவர் யார்? அவர் சொல்வதை ஊரார் நம்புகிறார்களா? இதுவே இக்கட்டுரையின் பொருள்.

2024-ஆம் ஆண்டு உத்தரப்பிரதேசத்தில் பஹ்ரைச் மாவட்டத்தில் நடந்ததை நம்மில் பலர் செய்தித்தாளில் படித்திருப்போம். காக்ரா ஆற்றங்கரையில் மஹ்சி வட்டத்துக் கிராமங்களிலே, ஜூலை முதல் செப்டம்பர் வரை ஓநாய்கள் இரவில் வந்து உறங்கிக் கொண்டிருந்த குழந்தைகளைத் தூக்கிச் சென்றன. குறைந்தது எட்டுப் பேர் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். காயமுற்றோர் முப்பதுக்கும் மேல். வாசலுக்குக் கதவு கூட இல்லாத ஏழை வீடுகள், சுற்றிலும் ஆள் உயரக் கரும்பு. ஆண்கள் கம்பும் கையுமாக இரவெல்லாம் ஊரைச் சுற்றி வந்தார்கள். தாய்மார் கைக்குழந்தையைச் சேலையோடு இறுகப் பிணைத்துக்கொண்டு விழித்திருந்தால் அதில் வியப்பென்ன?

வனத்துறை சும்மா இருக்கவில்லை. 'ஆபரேஷன் பேடியா' என்று பெயரிட்டு வேட்டையில் இறங்கியது. இந்தியில் 'பேடியா' என்றால் ஓநாய். உடலின் வெப்பத்தைக் கொண்டு இருட்டிலும் விலங்கைக் காட்டும் கருவி பொருத்திய ட்ரோன்கள் வானில் பறந்தன. கூண்டுகளும் வலைகளும் மயக்க ஊசித் துப்பாக்கிகளும் வந்து சேர்ந்தன. வண்ண வண்ணக் கரடிப் பொம்மைகளைக் குழந்தைகளின் சிறுநீரில் நனைத்து, மனித வாடை வருமாறு செய்து, ஆற்றோரத்தில் வைத்தார்களாம். பொம்மை என்றதும் எங்களுள் சிலர் சிரித்தோம். பின்பு அது எந்த வயதுக் குழந்தைக்கு ஈடாக வைக்கப்பட்டது என்று நினைத்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

ஒரே கூட்டத்தைச் சேர்ந்த ஆறு ஓநாய்களே இதற்குக் காரணம் என்று துறையினர் அறிவித்தனர். ஆகஸ்ட் இறுதிக்குள் நான்கு பிடிபட்டன. செப்டம்பர் 10-ஆம் நாள் ஐந்தாவது அகப்பட்டது. அதன் பின்னும் தாக்குதல் செய்திகள் நிற்கவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் ஆட்டைக் கவ்வ வந்த ஓநாய் ஒன்றை ஊரார் அடித்துக் கொன்றார்கள். அதுவே ஆறாவது என்றார்கள் அதிகாரிகள். ஆறும் தீர்ந்தது, கணக்கு முடிந்தது என்று நாடே பெருமூச்சு விட்டது. ஆனால் 2025 செப்டம்பரில் அதே மாவட்டத்தில் மீண்டும் குழந்தைகள் தாக்கப்பட்டனர். இம்முறை சில ஓநாய்களைத் துறையினர் சுட்டுக் கொன்றார்கள்.

அப்படியானால் அந்த 'ஆறு' என்னும் எண் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்பதால் வனக் காவலர்களைப் பழிக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். ஓநாயை எண்ணுவது புலியை எண்ணுவது போல் அன்று. ஒரு புலியின் உடலிலுள்ள கோடுகள் இன்னொரு புலிக்கு இரா. நம் கைரேகை போன்றவை அவை. காட்டில் கட்டிவைத்த புகைப்படக் கருவியில் விழுந்த படத்தை வைத்து, இது இன்ன புலி என்று சொல்லிவிடலாம். 2021-இல் நம் நீலகிரி மாவட்டத்தில் மசினகுடிப் பக்கம் ஆட்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி-23 என்ற புலியைத் தேடியபோது அவ்வாறே செய்தார்கள். மூன்று வாரம் கும்கி யானைகளோடும் மோப்ப நாயோடும் அலைந்து, எதிர்ப்பட்ட புலியையெல்லாம் சுட்டுவிடாமல், உரிய புலியை மட்டும் அடையாளம் கண்டு, அக்டோபர் 15-ஆம் நாள் மயக்க ஊசி போட்டு உயிருடன் பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். ஓநாய்க்கோ கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. பழுப்பு நிறத்தில் ஒன்று போலவே மற்றொன்று. இரவில் ட்ரோன் காட்டும் படத்திலோ அது வெறும் வெள்ளைப் புள்ளி. நாயா, நரியா, ஓநாயா என்பதற்கே கூர்ந்த கண் வேண்டும். நேற்று கண்ட நான்கும் இன்று கண்ட இரண்டும் சேர்ந்து ஆறா, அல்லது நான்கில் இரண்டையே இன்று மறுபடி கண்டோமா? எங்கள் வகுப்பில் இருமுறை தூக்கிய கைகளின் கதைதான்!

இதற்கு வழி இல்லாமலில்லை. கடிபட்ட காயத்தில் ஒட்டியிருக்கும் உமிழ்நீரை உடனே பஞ்சில் ஒற்றி எடுத்து மரபணுச் சோதனை செய்தால், கடித்தது நாயா ஓநாயா என்பது மட்டுமன்றி, எந்த ஓநாய் என்பதையும் பிடிபட்ட விலங்கோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியும். எச்சத்திலிருந்தும் மயிரிலிருந்தும் அவ்வாறே அறியலாம். ஒன்றிரண்டின் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டிவிட்டால் கூட்டம் போகும் வழியெல்லாம் தெரியும். இவற்றுக்கு நாள் ஆகும், பணமும் ஆகும் என்பது உண்மை. குழந்தைகள் மாண்டுகொண்டிருக்கும் ஊரில், 'சோதனை முடிவு வரட்டும், பொறுங்கள்' என்று எந்த அதிகாரிதான் சொல்லத் துணிவார்? எனவே, 'இதுவரை நாங்கள் கண்டவை ஆறு, இன்னும் இருக்கலாம், குழந்தைகளை வெளியே படுக்க வைக்காதீர்கள்' என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? 'ஆறில் ஐந்து பிடித்தாயிற்று' என்று கேட்டவர்கள், இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி என்று காவலைத் தளர்த்தமாட்டார்களா? தவறான எண் காகிதத்தோடு நிற்பதில்லை. அது ஒரு வீட்டின் வாசலைத் திறந்து வைத்துவிடும்.

ஓநாய்கள் தம் குட்டிகளை இழந்ததால் பழி வாங்குகின்றன என்றும் ஒரு பேச்சு எங்கும் பரவியது. கேட்கக் கதை போல இனிக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு விலங்கு கணக்கு வைத்துப் பழிதீர்க்கிறது என்பதைவிட, ஆற்று வெள்ளத்தில் வளையும் இரையும் இழந்த விலங்கு எளிதில் அகப்படுவதைத் தேடி வந்தது என்பதே அறிவுக்குப் பொருந்துகிறது. பொறுப்பில் உள்ளவர்கள் கதை சொல்லத் தொடங்கினால், கதைக்கு மேல் கதையாக ஊராரும் கட்டமாட்டார்களா?

கட்டினால் என்ன நேரும் என்பதற்கு அதே மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 1996-இல் பிரதாப்கர், சுல்தான்பூர், ஜான்பூர் மாவட்டங்களில் 76 குழந்தைகள் ஓநாயால் கொல்லப்பட்டோ படுகாயமுற்றோ போயினர். அப்போது, இது ஓநாயே அன்று, ஓநாய்த் தோல் போர்த்திய மனிதன் என்னும் வதந்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. அதிகாரிகள் எடுத்துச் சொல்லியும் கேட்பார் இல்லை. வழி தவறி ஊருக்குள் வந்த ஏழை வழிப்போக்கர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். ஓநாய் கொன்றவர்கள் ஒரு பக்கம், ஓநாய் என்று எண்ணி மனிதர் கொன்றவர்கள் மறு பக்கம்! அரசின் சொல்லில் அந்த மக்களுக்கு நம்பிக்கை இருந்திருந்தால் இரண்டாம் வகை மரணங்களேனும் நேர்ந்திராது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

எண்ணிக்கையில் ஏமாந்த கதையும் நம் நாட்டுக்குப் புதிதன்று. இராஜஸ்தானத்தில் சரிஸ்கா என்னும் புலிகள் காப்பகம் உள்ளது. 2004-இல் அங்கே 16 முதல் 18 புலிகள் வரை இருப்பதாக அரசுக் கணக்கு சொல்லிற்று. 2005-இல் நிபுணர்கள் சென்று தேடினால், ஒரு புலி கூட இல்லை! அனைத்தையும் கள்ள வேட்டைக்காரர்கள் கொண்டு போய்விட்டார்கள். காலடித் தடத்தின் மேல் கண்ணாடித் தகட்டை வைத்து வரைந்தும், சுண்ணாந்து வார்ப்பு எடுத்தும் எண்ணுவது அக்காலத்து வழக்கம். ஒரே புலி ஈர மண்ணில் வைத்த அடியும் புழுதியில் வைத்த அடியும் வேறுவேறாகத் தோன்றும் என்பதை எவரும் பெரிதாக எண்ணவில்லை. அதைவிட, எண்ணிக்கை குறைந்தால் மேலதிகாரி கோபிப்பாரே என்ற அச்சமும் எண்ணியவர்களுக்கு இருந்திருக்கும். (தேர்வில் மதிப்பெண் குறைந்தால் முன்னேற்ற அறிக்கையைத் தலையணைக்கடியில் ஒளிக்கும் எங்களுக்கு இந்த அச்சம் நன்றாகவே புரிகிறது.) அதன் பிறகு ஒரு பணிக்குழு அமைத்து ஆராய்ந்து, எண்ணும் முறையையே மாற்றினார்கள். 2002-இல் நாடெங்கும் 3,642 என்றிருந்த புலிக் கணக்கு, புதிய முறையில் 2006-க்கு 1,411 என்று வந்து நின்றது. வெட்கத்துக்குரிய எண்தான். ஆயினும் அதை மறைக்காமல் வெளியிட்ட நாளிலிருந்துதான் புலிகளுக்கு நல்ல காலம் பிறந்தது. 2008-இல் ரந்தம்பூரிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து சரிஸ்காவில் விட்டார்கள்.

ஓநாய்க்கு அந்தப் பேறு கிட்டவில்லை. வெள்ளையர் காலத்தில், 1871 முதல் 1916 வரை, பரிசுப் பணத்துக்காகக் கொல்லப்பட்ட ஓநாய்கள் ஏறக்குறைய ஓர் இலட்சம் என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவில் எஞ்சியிருப்பவை 2,568-க்கும் 3,847-க்கும் இடையில் என்றது. இடைவெளி பெரிது என்று சிலர் குறை கூறலாம். எங்களுக்கோ அதுதான் பிடித்திருக்கிறது. 'இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்' என்று எண்ணிலேயே ஒப்புக்கொள்வது எத்தனை பேரால் முடியும்! புலிகளை விடவும் இவை அதிகமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு முதல் அட்டவணையில் உள்ளவை. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்வதாயினும், பிடிக்கவோ மயக்கவோ இயலாது என்று தலைமை வனவிலங்குக் காப்பாளர் மனநிறைவு கொண்டு, காரணத்தை எழுத்தில் தந்த பின்னரே ஆணையிட வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் காரணம் எழுதிய தாளை ஊர்ப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டினால் என்ன என்று கேட்கிறோம்.

மறு தரப்பின் நியாயத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. எங்கள் தோழி ஒருத்தியின் மாமா வனத்துறையில் கீழ்நிலைக் காவலர். 'மழையிலும் இருட்டிலும் கையில் ஒரு விளக்கோடு புதருக்குள் நுழைபவரிடம் வந்து, கணக்கைக் காட்டு என்று கேட்பீர்களோ?' என்று அவள் கோபித்துக்கொண்டாள். ஓநாய் இருக்கும் இடத்தை வெளியிட்டால், அன்றிரவே யாரேனும் செத்த ஆட்டில் நஞ்சு தடவிப் போடுவார்கள் என்றும் சொன்னாள். இரண்டும் சரியே. வளை எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். எத்தனை கண்டோம், எப்படிக் கண்டோம், பிடித்த விலங்கின் மேல் என்ன சான்று இருக்கிறது என்பதைச் சொல்லலாமே. காவலரைக் குறை கூறவில்லை. அவர் கண்டதை உள்ளபடி சொல்ல விடுங்கள் என்றுதான் மேலிடத்தைக் கேட்கிறோம். இதற்கு அவள் ஒப்புக்கொண்டாளா என்றால், பாதிதான்.

பணமும் கருவியும் நிறைந்த நாட்டில் இத்தொல்லை இராது என்று நினைத்திருந்தோம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 2021 பிப்ரவரியில் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் 119 ஓநாய்கள் வரை கொல்லலாம் என்று வரையறுத்தார்கள். மூன்று நாள் முடிவதற்குள் 218 வீழ்ந்தன! அங்கே ஓஜிப்வே என்னும் பழங்குடியினருக்குத் தனிப்பங்காக 81 ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் ஒன்றையும் கொல்ல விரும்பவில்லை. ஓநாய் அவர்கள் மரபில் உடன்பிறப்பு.

உடன்பிறப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் புனித பிரான்சிஸ் அசிசியார் அன்றோ! 1979-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். இத்தாலியில் குப்பியோ நகரை அச்சுறுத்திய ஓநாயை அவர் 'சகோதரனே' என்று அழைத்து அடக்கிய கதையை மறைக்கல்வி வகுப்பில் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். படத்தில் அந்த ஓநாய் முன்காலைத் தூக்கி அவர் கையில் வைத்திருக்கும். புனிதரின் அன்பையே எல்லாரும் சொல்வார்கள். இம்முறை அக்கதையைத் திரும்பப் படித்தபோது வேறொன்று எங்கள் கண்ணில் பட்டது. காட்டோரத்தில் ஓநாயோடு தனியே பேசி முடித்துவிட்டு, 'இனி அஞ்சாதீர்கள்' என்று ஊராருக்கு அவர் செய்தி அனுப்பவில்லை. ஓநாயை நகரச் சதுக்கத்துக்கே அழைத்து வந்தார். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கூடி நிற்க, எல்லார் முன்னிலையிலும் அது இரண்டாம் முறை காலைத் தூக்கி வாக்குக் கொடுத்தது. ஊராரும் அதற்கு உணவளிப்பதாக உரத்த குரலில் வாக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு இரண்டாண்டுகள் அது வீடு வீடாகச் சென்று உண்டு வாழ்ந்ததாம்; எந்த நாயும் அதைப் பார்த்துக் குரைக்கவில்லையாம்.

பஹ்ரைச்சில் பிடிபட்ட ஓநாய்களை லக்னோவிலும் கோரக்பூரிலும் உள்ள விலங்குக் காட்சிச் சாலைகளுக்கு அனுப்பினார்கள். மஹ்சியிலிருந்து ஒரு தாய் அங்கே போய்க் கூண்டின் முன் நின்று, 'என் பிள்ளையைக் கொண்டுபோனது இதுதானா?' என்று கேட்டால், 'ஆம், இதோ சான்று' என்றோ, 'இல்லை அம்மா, இது அன்று' என்றோ அவளுக்குச் சொல்ல ஒருவர் அங்கே நிற்கவேண்டும்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி